டார்வின் பிட்ச் பிளாக் பயிற்சி: போர் விமானங்களைப் படமெடுக்க எங்கே நிற்பது, எந்த லென்ஸ் போதும்?

கேள்வி: பீளமேட்டான்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையைச் சேர்ந்தவன். இப்போது பிரிஸ்பேனில் வேலை பார்க்கிறேன். ஆஸ்திரேலிய விமானப்படை ஈராண்டுக்கு ஒருமுறை டார்வினை மையமாக வைத்து நடத்தும் பிட்ச் பிளாக் கூட்டுப்பயிற்சியை, அடுத்த முறை ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் சென்று படமெடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். 2024இல் 20 நாடுகளும் 140க்கு மேற்பட்ட விமானங்களும் கலந்துகொண்ட பயிற்சி அது. நம் சுகோய்-30 விமானங்களும் வந்திருந்தன.

இந்த ஆசைக்கு ஒரு முன்கதை உண்டு. 2024 ஆகஸ்டில் சூலூரில் இந்திய விமானப்படையின் பன்னாட்டுக் கூட்டுப்பயிற்சியான தரங் சக்தி நடந்தபோது, வேலை மாறும் இடைவெளியில் மூன்று மாதம் ஊரில் இருந்தேன். ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் யூரோஃபைட்டர் போர் விமானங்களும் பிரான்சின் ரஃபேல்களும் வந்திறங்கிய அந்த நாட்களில், மாமா வீட்டு மொட்டை மாடியில் நின்று சத்தத்தைக் கேட்டேனே தவிர, கேமராவைப் பையிலிருந்து எடுக்க அப்பா விடவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை நடத்திய வான்சாகசக் காட்சியில் ஆசை தீர எடுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், வெளுத்த வானத்தில் கரிக்கட்டை ஒட்டியது போலத்தான் பெரும்பாலான படங்கள் இருந்தன.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். 150-600 வாங்கிவிட்டுத்தான் போக வேண்டுமா? டார்வினில் எங்கே நிற்பது நல்லது? பொது இடத்தில் நின்று எடுத்தால் காவலர்கள் தடுப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: உலர்பருவம்

தம்பி, நான் டார்வினில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சூரியன் எங்கே இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மெரினாவில் உங்கள் படங்கள் கரிக்கட்டையானதற்கும் லென்ஸ் காரணம் இல்லை. விமானங்கள் பறந்தது கிழக்கே, கடலின் மேலே. நீங்கள் கரையில் நின்று, உச்சியை நெருங்கும் வெயிலை முகத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, நிழல் விழுந்த வயிற்றுப் பகுதியை எடுத்திருப்பீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை என்பதால், ஓடுபாதைக்குத் தெற்கே நில்லுங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்று அவை சொல்லும். இங்கே அது தலைகீழ். பயிற்சி நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டார்வினில் நண்பகல் சூரியன் வடக்கே இருக்கும். ஓடுபாதை 11/29 (கிழக்கு நோக்கிப் பயன்படுத்தினால் 11, மேற்கு நோக்கிப் பயன்படுத்தினால் 29) ஏறத்தாழ கிழக்கு மேற்காகக் கிடப்பதால், அதற்கு வடக்கே நின்று தெற்கே பார்ப்பவருக்குத்தான் நாளின் பெரும்பகுதி நல்ல வெளிச்சம். இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஒரே ஓடுபாதையைப் பொதுமக்கள் விமானங்களும் விமானப்படையும் பகிர்ந்துகொள்கின்றன. பயணிகள் முனையம் வடக்கே, படைத்தளம் தெற்கே. ஆக, வடபுறம் மெக்மில்லன்ஸ் சாலைப் பக்கத்துப் பொது இடங்களில் நிற்பவருக்கு வெயிலும் சாதகம், எதிரே நிறுத்தப்பட்டிருக்கும் போர் விமானங்களும் கண்ணில் படும்.

அடுத்தது காற்று. உலர்பருவத்தில் காலை நேரங்களில் தென்கிழக்குக் காற்று வீசுவதால் பெரும்பாலும் ஓடுபாதை 11தான் பயன்பாட்டில் இருக்கும். அதாவது கிழக்கு நோக்கி ஏறுவார்கள், கடல் பக்கமிருந்து வந்து இறங்குவார்கள். ஏறுவதை எடுக்க விரும்புபவர்கள் கிழக்கு முனையில் ஏமி ஜான்சன் அவென்யூ பக்கமும், இறங்குவதை எடுக்க விரும்புபவர்கள் மேற்கே பேகட் சாலைப் பக்கமும் போவது வழக்கம். (1930 மே 24 அன்று இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியாகப் பறந்து வந்து டார்வினில் இறங்கிய ஏமி ஜான்சனின் பெயரைத்தான் அந்தச் சாலை தாங்கி நிற்கிறது.) ஆனால் பிற்பகலில் வடமேற்குக் கடற்காற்று எழுந்தால் திசை 29க்கு மாறிவிடும். எத்தனையோ பேர் கிழக்கு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மேற்கே ஏறிப்போகும் விமானங்களின் பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். காற்றின் திசையைக் காட்டும் காற்றுப் பையைப் பார்க்காமல் இடம் பிடிக்காதீர்கள்.

ஓடுபாதையின் நேர்க்கோட்டுக்கு அடியிலும் நிற்க வேண்டாம். தலைக்கு மேலே போகும் விமானத்தின் அடிவயிறு ஒரு முறை எடுக்கச் சுவையானது, பத்தாவது முறை அலுத்துவிடும். கோட்டிலிருந்து வடக்கே சற்று விலகி நின்றால் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும்.

பதில்: சாம்பல்வால்

மேலே அண்ணன் சொன்ன வெளிச்சக் கணக்கு முழுக்கச் சரி. ஆனால் லென்ஸை ஒதுக்கி வைத்ததில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். லேவார்டன் தளத்தில் நடக்கும் ஃப்ரிசியன் ஃபிளாக் பயிற்சிக்கும், 2025 வசந்தத்தில் அங்கேயே நடந்த ராம்ஸ்டீன் ஃபிளாக் பயிற்சிக்கும் சென்றவன். அங்கே வேலிக்கு மிக அருகில் நிற்கலாம் என்பதால் 70-300 தாராளமாகப் போதும். கிராப் சென்சாரில் அது 450க்கு இணையான கோணத்தைத் தரும். டார்வினில், அண்ணன் சொல்லும் வடபுறத்திலிருந்து ஓடுபாதை மிகவும் தள்ளி இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கே 500, 600 இல்லாமல் தரையில் ஓடும் விமானத்தை நெருக்கமாக எடுக்க முடியாது. வாங்க வேண்டாம், ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். பயணத்துக்கு முன் ஒரு நாள் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களை எடுத்துக் கை பழக்குங்கள். இரண்டு கிலோ எடையுள்ள லென்ஸைத் தோளில் ஊன்றாமல் ஒரே சீராகத் திருப்புவது முதல் நாளே வந்துவிடாது.

லென்ஸ் எவ்வளவு நீளமானாலும் கானலை வெல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கியது போலத் தெரிகிறதே, அதே கானல்தான். சூடான தார்ப்பரப்புக்கு மேலே வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் ஒளியை வளைத்துக்கொண்டே இருப்பதால், பின்திரையில் கூர்மையாகத் தெரிந்த படத்தைக் கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், வால் சிறகில் உள்ள எண்கள் ஓடும் நீரில் எழுதியது போல நெளிந்திருக்கும். குவியம் தவறிவிட்டது என்று கேமராவைக் குறை சொல்பவர்கள் பலர். கானலால் கெட்ட படம் முழுவதும் நெளியும். குவியம் தவறிய படத்தில் விமானத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருக்கும். நண்பகலில் தரையோடு தரையாக எடுப்பதை விட்டுவிட்டு, விமானம் மேலே எழுந்து வானத்தின் பின்னணிக்கு வந்த பிறகு எடுங்கள். நீண்ட லென்ஸின் உண்மையான பயன் காலையில்தான்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, ஜெட் விமானங்களுக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 நொடி அளவில் வைத்தால் கவலை இல்லை. ஆனால் சி-130 போன்ற விசிறி விமானம் வந்தால் உடனே 1/200க்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விசிறிகள் உறைந்துபோய், விமானம் வானத்தில் ஆணியடித்து மாட்டியது போல இருக்கும். சாம்பல் நிற விமானமும் பளீர் வானமும் சேர்ந்தால் கேமரா வானத்தைப் பார்த்து ஏமாந்து விமானத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) முக்கால் அல்லது ஒரு படி கூட்டி, பிறகு திருத்த வசதியான ராவ் கோப்பாக எடுங்கள். மின்னணு ஷட்டரைத் தவிர்ப்பது நல்லது. சென்சாரை வரிவரியாகப் படிக்கும் கேமராக்களில் வேகமாகத் திருப்பும்போது விமானமே சாய்ந்த வடிவில் பதியும், விசிறியோ வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

இறங்கும் நேரத்தைத் தவற விடாதீர்கள். போர் விமானங்கள் பயணிகள் விமானம் போல நீண்ட கோட்டில் வந்து இறங்காமல், இரண்டாகவோ நான்காகவோ ஓடுபாதைக்கு மேலே பறந்து வந்து, ஒவ்வொன்றாகச் சட்டென்று சாய்ந்து பிரிந்து, வட்டமிட்டு இறங்குவது உண்டு. அந்த வளைவின் உட்பக்கம் நிற்பவருக்கு முதுகுத் தோற்றம், அதாவது விமானியின் கூண்டும் இரு சிறகுகளின் மேற்பரப்பும் முழுதாகக் கிடைக்கும். வெளிப்பக்கம் நிற்பவருக்கு அடிவயிறுதான். எந்தப் பக்கம் பிரிகிறார்கள் என்பதை முதல் நாள் படமே எடுக்காமல் கவனித்தாலும் நட்டமில்லை.

கேள்வி கேட்டவர்: பீளமேட்டான்

இருவருக்கும் மிக்க நன்றி. வாடகை யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும். டார்வினின் மிண்டில் கடற்கரையில் விமானங்கள் தாழப் பறந்து காட்டும் மாலை ஒன்று உண்டு என்கிறார்களே, அதற்காகவே பயணத் தேதியை அமைத்துக்கொள்ளலாமா? விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் கைபேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டே நின்றால் எப்போது கிளம்புவார்கள் என்று முன்கூட்டியே தெரியுமா?

பதில்: உலர்பருவம்

மிண்டில் கடற்கரைக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் வந்த நோக்கமே அதுதான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடற்கரை மேற்கு பார்த்தது. மாலை நேரத்தில் வெயில் உங்கள் முகத்தில்தான் அடிக்கும், மெரினாவில் பட்ட அதே பாடு. விமானத்தின் நிறம், எண், எந்த நாட்டுச் சின்னம் என்பதெல்லாம் வேண்டும் என்று எதிர்பார்க்காமல், செவ்வானத்தில் நிழலுருவங்களை எடுக்கவே போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு போனால் நல்ல படங்கள் கிடைக்கும். அகன்ற கோண லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கூட்டம், சந்தைக் கடைகளின் புகை, கடல், மேலே நான்கு விமானங்கள் என்று ஒரே சட்டகத்தில் வரும் படத்தை 600இல் எடுக்க முடியாது.

செயலிகளை நம்பி நிற்க முடியாது. போர் விமானங்கள் பெரும்பாலும் அவற்றில் தெரிவதில்லை. ஆனால் எரிபொருள் நிரப்பும் டேங்கர்களும் வான்வழிக் கண்காணிப்பு விமானங்களும் பல நேரம் தெரியும். மற்றவற்றுக்கு முன்பே அவை ஏறி வானத்தில் காத்திருக்க வேண்டியவை என்பதால், டேங்கர் கிளம்பியதைப் பார்த்தால் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துவிடுங்கள். எல்லா விமானங்களும் டார்வினிலேயே தங்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு பகுதி, 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கேத்தரின் ஊரை ஒட்டிய டிண்டல் தளத்தில் நிற்கும்.

இருள் சூழ்ந்த பிறகும் ஒரு சுற்று பறப்பார்கள். மக்கள் வாழாத பரந்த நிலத்தின் மேல் இரவில் பறப்பதுதான், கும்மிருட்டு என்று பொருள்படும் இந்தப் பயிற்சியின் பெயருக்கே காரணம். ஆஃப்டர்பர்னர் (கூடுதல் உந்துதலுக்காக எஞ்சினின் பின்புறம் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) தீநாக்கு தெரியும் படம் வேண்டுமென்றால் சூரியன் மறைந்த பின் வரும் இருபது நிமிடங்கள்தான் பொன்னான நேரம். வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும், தீயும் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் கறுப்புத் தாளில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி மட்டுமே மிஞ்சும். ஈரப்பதம் குறைந்த பருவம் என்பதால் சிறகின் மேல் வெண்ணிற ஆவி படரும் படங்கள் இங்கே அரிது, அதற்கு நெதர்லாந்துக்காரரிடம்தான் போக வேண்டும். அதற்குப் பதிலாகக் காட்டுக்குத் தீ வைக்கும் காலமாதலால் மாலை வானம் புகையேறிச் செம்மண் நிறத்தில் கிடக்கும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிப்பதில்லை.

பதில்: கண்ணம்பாளையம்

நான் சூலூர் தளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன் என்பதால், சட்டம் பற்றிய கேள்வியை யாரும் தொடாததால் எழுதுகிறேன். உங்கள் அப்பா தடுத்தது சரிதான். 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டப்படி விமானப்படைத் தளங்கள் தடைசெய்யப்பட்ட இடங்கள். வெளிநாட்டு விமானங்கள் வந்திருக்கிறதே, பொதுமக்களும் பார்க்கிறார்களே என்று வேலியருகே லென்ஸைத் தூக்கினால், ஆர்வத்தில் எடுத்தேன் என்ற விளக்கத்தைக் காவல் நிலையத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும். தரங் சக்தி நடந்த வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கைபேசியில் எடுத்ததை நிலைத்தகவலாகப் போட்டுவிட்டு, பெரியவர்கள் சொன்ன பிறகு அழித்தான். நம் நாட்டில் ஆசை தீர எடுக்க வேண்டுமானால், பெங்களூரு எலகங்காவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவதே நேரான வழி.

பதில்: உலர்பருவம்

ஐயா சொன்னதோடு இந்த ஊர் நிலவரத்தையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே பொதுச் சாலையோரம் நின்று பறக்கும் விமானத்தை எடுப்பவர்களை யாரும் விரட்டி நான் பார்த்ததில்லை. பயிற்சி நாட்களில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வாயில்கள், காவலர்கள், வேலிக்குள் இருக்கும் கட்டடங்கள் ஆகியவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். நகரச் சொன்னால் வாதிடாமல் நகர்ந்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்திலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது என்பது இங்குள்ள விதி.

இன்னொன்று. 2024 ஜூலை 24 அன்று இத்தாலிய யூரோஃபைட்டர் ஒன்று பயிற்சியின்போது விழுந்தது. விமானி குதித்து உயிர் பிழைத்தார். அதிகாரப்பூர்வச் செய்தி வருவதற்கு முன்பே, எங்களோடு நின்றவர்களின் கைபேசிகளில் எந்த விமானம், எந்த நாடு என்று ஊகங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் அன்று காலை எடுத்த படங்களை வால் எண்ணோடு வெளியிடாதீர்கள், அந்த விமானியின் வீட்டிலும் யாராவது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விடுதியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். உலர்பருவத்தில் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்துவிடுவதால் கடைசி நேரத்தில் கிடைக்கும் அறையின் வாடகை உங்கள் லென்ஸ் வாடகையைத் தாண்டிவிடும். தொப்பி, நான்கு லிட்டர் தண்ணீர், ஒரு மடக்கு ஏணி. ஏணி வாங்க வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது.