8 டிராக்கும் நிரம்பிவிட்டது, தாலாட்டு முடியவில்லை

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லை. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் என்ற ரெக்கார்டரை வைத்துத்தான் என் பாட்டுகளைப் பதிவு செய்கிறேன். அதில் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிய 8 டிராக் உண்டு. ஒரே நேரத்தில் 2 டிராக்தான் பதிவாகும். தனியாளுக்கு அது போதும்.

அக்கா குழந்தைக்கு ஒரு தாலாட்டு கட்டியிருக்கிறேன். கிட்டார் 2, கஞ்சிரா 1, புல்லாங்குழல் 1, குரல் 1, துணைக்குரல் 3. எட்டும் தீர்ந்தது. கடைசிச் சரணத்தில் அம்மாவின் குரலும் வர வேண்டும் என்று ரொம்ப ஆசை.

துணைக்குரல் மூன்றையும் ஒரே டிராக்கில் பவுன்ஸ் செய்தால், அதாவது கலந்து ஒன்றாக்கினால், இடம் கிடைக்கும், சரி. ஆனால் அப்புறம் ஒரு குரலை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாதே! நீங்கள் எதை முதலில் சேர்ப்பீர்கள்? கிட்டாரையா, குரல்களையா? அதற்கு முன் பாட்டை நகல் எடுத்து வைப்பீர்களா?

இன்னொன்று, மழை. ஐப்பசியில் தகரக் கூரையில் விழும் சத்தம் முழுவதும் ரெக்கார்டரிலேயே உள்ள மைக்கில் ஏறிவிடுகிறது. கம்பளியைத் தொங்கவிட்டும் குறையவில்லை. டைனமிக் மைக் (மேடையில் பாடுபவர்கள் கையில் பிடிக்கும் வகை) வாங்கி வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் குறையுமா? இப்படிப் பதிவு செய்தவர்கள் சொல்லுங்கள். அம்மா அடுத்த ஞாயிறு ஊருக்குக் கிளம்புகிறார், அதற்குள் பாட வைக்க வேண்டும்.