ரிவ்யூவர்கள் ஏற்றுக்கொண்டும் ரிஜெக்ட் ஆன பேப்பர்: உங்கள் அனுபவம்?

நெல்வயல்:
ஜர்னலுக்கு அனுப்பிய ஆய்வுக் கட்டுரைக்கு 7 மாதம் காத்திருந்து வந்த மெயில். போனில் நேராக ரிவ்யூக்களுக்குத்தான் போனேன், அதாவது பேப்பரை மதிப்பிட்ட இரண்டு நிபுணர்கள் எழுதியதற்கு. முதல் ஆள், சின்னத் திருத்தங்களோடு வெளியிடலாம் என்கிறார். இரண்டாவது ஆள் ஒரு வரைபடத்தை மாற்றச் சொல்கிறார், அவ்வளவுதான். ஓடிப்போய் என் ஆய்வு கைடிடம் காட்டினேன். அவர் மெயிலை மேலே தள்ளிப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். முதல் வரியிலேயே ரிஜெக்ட். எடிட்டர் சொன்ன காரணம், போதிய புதுமை இல்லை. அப்புறம் அந்த இரண்டு பேர் எதற்கு?

கரிசல்மண்:
ரிவ்யூவர் போடுவது ஓட்டு இல்லை, பரிந்துரை. முடிவு எடிட்டருடையது. தவிர, உங்கள் கைக்கு வந்தது முழு ரிவ்யூவாக இல்லாமலும் இருக்கலாம். பல ஜர்னல்களில் எடிட்டர் மட்டும் படிக்கிற தனிப் பெட்டி ஒன்று உண்டு. நானே அதில் தவறு செய்திருக்கிறேன். எழுதியவருக்கு 'நல்ல முயற்சி' என்று எழுதிவிட்டு, பெட்டியில் 'ஏற்க வேண்டாம்' என்றேன். முடிவின் நகல் எனக்கும் வந்தது. ரிஜெக்ட் என்ற வரிக்குக் கீழே என் பாராட்டு. அதைப் படித்தவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் பெட்டியில் சொல்வதை வெளியிலும் சொல்லிவிடுகிறேன்.

மேற்குமலை:
கரிசல்மண் சொல்வது சரி. ஆனால் எடிட்டரின் அதிகாரம் நமக்கு உதவவும் செய்யும். என் பேப்பரை ஒரு ரிவ்யூவர் கிழித்துப் போட்டார். எடிட்டர் தானே படித்துப் பார்த்து ஏற்றார். 1936இல் ஈர்ப்பலைகளே (ஈர்ப்பு விசையின் அலைகள்) இல்லை என்று ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் ரோசனும் எழுதியதை 'பிசிக்கல் ரிவ்யூ' ஜர்னலின் எடிட்டர் ஜான் டேட் ரிவ்யூவருக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு பேப்பரைத் திரும்பப் பெற்றார். கடைசியில் ரிவ்யூவர் சொன்னபடி பிழை இருந்தது உண்மைதான். 1937இல் வேறொரு ஜர்னலில் முடிவை மாற்றித்தான் வெளியிட்டார். பெயரைப் பார்த்து டேட் விட்டுக்கொடுக்கவில்லையே, அதுதான் எடிட்டர் வேலை.

நெல்வயல், இரண்டு நாள் பதில் போடாதீர்கள். புதுமை இல்லை என்பதற்கு அப்பீல் செய்தால் பெரும்பாலும் நிற்காது. ரிவ்யூவில் உண்மைப் பிழை இருந்தால் மட்டும் செய்யுங்கள். வரைபடத்தை மாற்றுங்கள், அறிமுகத்தின் முதல் பத்தியிலேயே எது புதிது என்று சொல்லுங்கள், அடுத்த ஜர்னலுக்கு அனுப்புங்கள். பேப்பரோடு எடிட்டருக்கு அனுப்பும் கவர் லெட்டரையும் புதிதாக எழுதுங்கள், பழையதில் பழைய ஜர்னல் பெயர் நிற்கும்.

நெல்வயல்:
நன்றி அண்ணா, அப்பீல் போகிற எண்ணம் இல்லை. எனக்காக எழுதிய அந்த இரண்டு பேரும் பெட்டியில் என்ன எழுதினார்கள்? அது மட்டும் தெரிந்தால் போதும்.