மூணரை மாசக் குழந்தை, அம்மா வேலைக்குத் திரும்பணும்: தாய்ப்பாலைத் தொடரலாமா, பவுடர் பாலுக்கு மாறலாமா?

ஆனையூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க பாப்பாவுக்கு இப்ப மூணரை மாசம். இன்னிக்கு வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். பிரசவத்துக்கு முன்னாடியே 8 வாரம் லீவு போயிட்டதால, மகப்பேறு லீவு 26 வாரம் முடியறப்ப பாப்பாவுக்கு நாலு மாசம் சொச்சம்தான் ஆகியிருக்கும். மனைவிக்கு மதுரையில தனியார் கம்பெனி வேலை. உசிலம்பட்டியில காலையில 8 மணிக்குப் பஸ் ஏறினா, வேலை முடிச்சு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வந்து திரும்ப வீடு சேர 6.30 ஆயிடும். பகல்ல பாப்பாவ எங்கம்மா பாத்துக்குவாங்க.

வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. "இப்பவே பவுடர் பாலப் பழக்கு"ன்னு ஒருத்தர். "பசும்பால்ல பாதித் தண்ணி கலந்து குடு, நாங்க அப்படித்தான் வளத்தோம்"னு ஒருத்தர். மனைவிக்குத் தாய்ப்பால நிறுத்த மனசில்ல. ஆனா ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுட்டுப் பகல்ல வேலையும் பாக்க உடம்பு தாங்குமான்னு பயம் இருக்கு.

தொடர்ந்தா நெசமாவே என்ன லாபம், என்ன கஷ்டம்? பால எடுத்து வச்சா இந்த வெயிலுக்குக் கெடாம இருக்குமா? எங்க பக்கம் கரண்டும் அடிக்கடி போகும்.

---

பாலாடை_சங்கு

தம்பி, முதல்ல பசும்பால் பேச்ச விட்ருங்க. ஒரு வயசுக்குள்ள அது முக்கிய உணவா இருக்கக் கூடாது. புரதமும் உப்பும் அதுல கூடுதல், பச்சப்புள்ள சிறுநீரகத்துக்கு அது சுமை. இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, குடல்ல கொஞ்சங் கொஞ்சமா ரத்தக் கசிவும் உண்டாக்கலாம். தண்ணி கலந்தா உப்பு குறையும், ஆனா கூடவே குழந்தைக்கு வேண்டிய சக்தியும் குறைஞ்சு போகும். தெருவுல வர்ற கழுதைப்பாலும் வேண்டாம். காய்ச்சாத பால், கிருமி வரும்.

இப்ப லாபம். தாய்ப்பால்ல இருக்கற நோய் எதிர்ப்புப் புரதம் குழந்தையோட குடல் சுவர்ல படிஞ்சு காக்கும். அதனால வயித்துப்போக்கு, நிமோனியா, காதுல சீழ் மூணுமே குறையும். அம்மாவும் பிள்ளையும் ஒரே வீட்டுல ஒரே கிருமிய எதிர்கொள்றதால, அந்தக் கிருமிக்கான எதிர்ப்பு அவங்க பாலுலயே வந்துடுது. இது எந்த டின்னுலயும் கிடைக்காது. தாய்க்கும் பலன் உண்டு. பாலூட்டற ஒவ்வொரு 12 மாசத்துக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சராசரியா 4.3% குறையுதுன்னு 2002-ல பல நாட்டு ஆய்வுகளச் சேத்துக் கணக்குப் பாத்துச் சொன்னாங்க. சினைப்பைப் புற்றுநோயும் சர்க்கரை நோயும் வர்ற வாய்ப்பும் குறையும். ஆனா "பால் குடுத்தா உடம்பு தானா எளைச்சுரும்"னு சொல்றத நம்பி இருக்க வேண்டாம். எல்லாருக்கும் அப்படி நடக்கறதில்ல.

கஷ்டத்தை மூடி மறைக்கறது எனக்குப் பிடிக்காது. அது முழுக்க ஒரே ஆளு தலையில விழுது. ஒரு நாளைக்கு 8 தடவை, தடவைக்கு 20 நிமிஷம்னு வச்சாலே ரெண்டே முக்கா மணி நேரம் போயிடும். தூக்கம் துண்டு துண்டாத்தான். பசி கூடும். முதல் ஆறு மாசம் வழக்கத்த விட 600 கலோரி கூடுதலா வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லுது. அந்த நேரத்துலதான் நம்ம ஊர்ல பத்தியம்னு கீரையையும் பழத்தையும் நிறுத்துறாங்க. சுறாப்புட்டு, பூண்டு எல்லாம் நல்ல சாப்பாடுதான், போடுங்க. ஆனா பால் ஊறறது மார்பு காலியாகறதப் பொறுத்துத்தான். எடுக்க எடுக்க ஊறும், தேங்கி நின்னா ஊறறது குறையும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் பிரசவத்துக்கு அப்புறம் 180 நாளைக்கு உண்டு, அதையும் நிறுத்திடாதீங்க.

தாய்ப்பாலுக்கும் குறை இருக்கு. வைட்டமின் டி அதுல போதாது, பிறந்ததுல இருந்து தினம் 400 யூனிட் சொட்டு மருந்து குடுக்கணும். அம்மா சுத்த சைவமா இருந்து பி12 குறைவா இருந்தா குழந்தைக்கும் குறையும். மருந்துக் கடையில சளிக்குன்னு வாங்கற கூட்டு மாத்திரைல சூடோஎஃபெட்ரின் இருந்தா பால் குறையும். பாராசிட்டமால் பயமில்லாமப் போடலாம்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. மாதவிலக்கு திரும்பாம, ஆறு மாசத்துக்குள்ள, தாய்ப்பால் மட்டும் குடுத்தா கருத்தரிக்காம இருக்கற வாய்ப்பு 98%-க்கு மேல. ஆனா பகல்ல 4 மணி நேரம், ராத்திரி 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விட்டா அந்தக் காப்பு நிக்காது. உங்க மனைவி பத்து மணி நேரம் வெளியில இருக்கப் போறாங்க. பால பம்புல எடுத்தாலும் குழந்தை சப்பறதுக்குச் சமம்னு கணக்கு வைக்கக் கூடாது. அதனால வேலைக்குப் போற முதல் நாளுக்கு முன்னாடியே காப்பர் டி மாதிரி ஒண்ணு டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை ஆறு மாசத்துக்கு முன்னாடி வேண்டாம், பால் குறையும்.

---

செவிலி_திருமங்கலம்

மேல சொன்னதெல்லாம் சரி. நான் பால் எடுத்து வைக்கறத மட்டும் சொல்றேன்.

அளவு: ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750–800 மில்லி குடிக்கும். மணிக்கு 25–35 மில்லின்னு வைங்க. பத்தரை மணி நேரத்துக்கு 260-ல இருந்து 370 வரும். 350 மில்லி தயாரா வைங்க, 60 மில்லி 60 மில்லியாப் பிரிச்சு. பெரிய பாட்டில்ல மொத்தமா வச்சா, எச்சில் பட்ட மிச்சத்தக் கீழ ஊத்த வேண்டி வரும்.

எப்ப ஆரம்பிக்கறது: இன்னும் ரெண்டு மூணு வாரம் இருக்கே, விடியக்காலை முதல் பால் குடுத்து அரை மணி கழிச்சு ஒரு தடவை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அப்பத்தான் பால் நிறைய இருக்கும். 30 மில்லி வந்தாலும் பதறாதீங்க, குழந்தை குடிச்ச பிறகு வர்றது அவ்வளவுதான். ரெண்டு நாள் தேவைக்கு இருப்பு இருந்தாப் போதும். ஆர்வத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்தா, பால் அளவுக்கு மீறி ஊறி மார்பு கட்டிக்கும்.

கையால எடுக்கறது எல்லாரும் கத்துக்கணும், பம்ப் பழுதானாலும் கை இருக்கும். சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, கட்டை விரல மேலயும் ஆள்காட்டி விரல கீழயும், காம்புல இருந்து மூணு செ.மீ. தள்ளி வைக்கணும். முதல்ல நெஞ்சுப் பக்கமா நேரா உள்ள அமுக்கி, அப்புறம் ரெண்டு விரலையும் சேத்து அழுத்தி, விடணும். அமுக்கு, அழுத்து, விடு. தோல் மேல விரல் வழுக்கிட்டுப் போனா செய்ற முறை தப்பு, காம்ப மட்டும் பிதுக்கினா வலிதான் மிஞ்சும். முதல் ஒரு நிமிஷம் சொட்டுக்கூட வராது, அப்புறம் பீச்சும். ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், மறு பக்கம் அஞ்சு நிமிஷம்னு மாத்தி மாத்தி மொத்தம் 20–30 நிமிஷம் ஆகும். பம்ப் வாங்கினா புனல் அளவுதான் முக்கியம். காம்பு மட்டும் உரசாம உள்ள போய் வரணும், சுத்தி இருக்கற கருவட்டம் முழுக்க உள்ள இழுபட்டா புனல் பெருசு.

வெயில்: அறை வெப்பத்துல 4 மணி நேரம்னு எல்லாப் புத்தகத்துலயும் போட்டிருக்கும், அது 25 டிகிரிக்கு. சித்திரை வைகாசியில நம்ம வீட்டுக்குள்ள ஏது 25? அதனால அந்தக் கணக்க மறந்துட்டு, எடுத்த உடனே குளிர்ல வைங்க. மண்பானைத் தண்ணிக்குள்ள வைக்கறது போதாது, அது ஃப்ரிட்ஜ் குளிருக்கு வராது. ஆபீஸ்ல ஃப்ரிட்ஜ் இருந்தா அதுல. இல்லேன்னா மூடி இறுகின டப்பாவ, நல்லா உறைஞ்ச ரெண்டு ஐஸ் பேக்குக்கு நடுவுல, மருந்து கொண்டு போற மாதிரி குளிர்ப்பையில வச்சு பஸ்ல கொண்டு வரலாம்.

வீட்டுல ஃப்ரிட்ஜோட உள் பக்கம், பின்னாடி வைங்க. கதவுத் தட்டுல வேண்டாம். 4 நாள் தாங்கும்னாலும் கரண்ட் போற ஊர்ல 24 மணி நேரத்துல தீர்க்கறது நல்லது. திங்கட்கிழமை எடுத்தது செவ்வாய்க்கிழமைக்குன்னு ஓடட்டும். சனிக்கிழமை எடுத்தத உறைய வைங்க. ஒரே கதவு இருக்கற ஃப்ரிட்ஜோட உள் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வரைக்கும் இருக்கும். கரண்ட் போனா கதவத் திறக்காதீங்க, மூடியே இருந்தா நாலு மணி நேரம் குளிர் நிக்கும். உறைஞ்ச பால்ல ஐஸ் கட்டி இன்னும் இருந்தா திரும்ப உறைய விடலாம். முழுக்க உருகிட்டா ஃப்ரிட்ஜ்ல வச்சு 24 மணி நேரத்துல குடுத்துடணும்.

குடுக்கறப்ப அடுப்புல சுட வைக்கக் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணி இருக்கற கிண்ணத்துல டப்பாவ நிக்க வைங்க. மேல ஆடை மாதிரி கொழுப்பு தனியா மிதக்கும், அது கெட்டுப் போனதில்ல, மெல்லச் சுழட்டினாக் கலந்துடும். எச்சில் பட்டது ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

பாட்டில் எதுக்கு? நம்ம வீட்டுல பாலாடை இருக்கு, சங்கு இருக்கு. ரப்பர் காம்போட ஓட்டையில பால் படிஞ்சு கிருமி வளர்ற மாதிரி இதுல வளராது, கழுவறதும் சுலபம். பகல்ல பாத்துக்கற உங்கம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க: பாப்பாவ மடியில நிமித்தி உக்கார வச்சு, பாலாடை மூக்கைக் கீழுதட்டு மேல வச்சு, பால் உதட்டத் தொடற அளவுக்கு மட்டும் சாய்க்கணும். பாப்பாவே நக்கி இழுக்கும். வாய்க்குள்ள ஊத்தினாப் புரையேறும். பாத்திரத்த முதல்ல பச்சத்தண்ணியில அலசுங்க, சுடுதண்ணி பட்டா புரதம் ஒட்டிக்கும். அப்புறம் சோப்பு. அப்புறம் கொதிக்க ஆரம்பிச்சதுல இருந்து 10 நிமிஷம். இந்தக் கழுவற வேலைய நீங்க எடுத்துக்கோங்க தம்பி.

---

வடக்குமாசி

சட்டத்தில் இருப்பது. மகப்பேறு விடுப்பு விதிப்படி 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம், அந்த 8 வாரத்தையும் நீங்கள் முன்பே எடுத்துவிட்டீர்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. சம்பளத்தில் பிடிக்க முடியாது. பால் எடுக்க அந்த நேரத்தைக் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், பேசி ஒப்புக்கொண்டு சில காலம் வீட்டிலிருந்து வேலை செய்யவும் வழி இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்காமல், சேர்வதற்குப் பத்து நாள் முன்பே நேரம் குறித்துக் கடிதம் கொடுங்கள்: 10.30, 1.15 (சாப்பாட்டு இடைவேளை), 4.00. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும் என்றும் எழுதுங்கள். கழிப்பறையில் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஸ் தாமதமானால், பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்டிலிருந்து வந்த தாய்மார் பாலூட்டும் அறை உதவும். திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஆனையூர்க்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். சாயங்காலம் ஆனா மார்பு தளர்ந்து போகுது, பாப்பா அழுதுட்டே இருக்கா. பால் போதலைன்னு அம்மா சொல்றாங்க. வெயிலுக்குத் தண்ணியாவது குடுக்கச் சொல்றாங்க. அப்புறம், ஒரு வேள எடுத்த பால் பத்தலைன்னா பவுடர் பால் ஒரு வேளைக்குக் குடுத்தாத் தப்பா?

---

பாலாடை_சங்கு

மார்பு தளர்றது பால் வத்தறதுக்கு அடையாளம் இல்ல. மூணு மாசத்துக்கு மேல குழந்தை கேக்கற அளவுக்குத் தக்கபடி பால் ஊறப் பழகிடும், எப்பவும் கனத்துக்கிட்டே இருக்காது. சாயங்கால அழுகை இந்த வயசுல சகஜம். பால் போதுதான்னு பாக்க ரெண்டே கணக்கு. 24 மணி நேரத்துல ஆறு தடவைக்கு மேல, மஞ்சள் அடிக்காத மூத்திரம் போகணும். எடை மாசத்துக்கு 450–600 கிராம் கூடணும். அங்கன்வாடியில மாசாமாசம் எடை போடுவாங்க, ஒரே தராசுல, துணியக் கழட்டிப் போட்டு எடுத்து, அட்டையில இருக்கற வளைகோட்டுல புள்ளி வைக்கச் சொல்லுங்க. மூணு நாலு நாள் மலம் போகலைன்னாலும், போறப்ப இளகலா இருந்தாப் பரவாயில்ல.

தண்ணி வேண்டாம். தாய்ப்பால்ல 88% தண்ணிதான். தண்ணியில வயிறு நிரம்பினா பால் குடிக்கறது குறையும், குடிக்கறது குறைஞ்சா ஊறறதும் குறையும். வெயில் கூடினா பாப்பா அடிக்கடி கேக்கும், கேக்கறப்பல்லாம் குடுங்க. பால் குடுக்கற உங்க மனைவிக்குத்தான் தண்ணி வேணும்.

பவுடர் பால் ஒரு வேளை குடுத்தாத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆபீஸ்ல பால் எடுக்காமலே பவுடர் பாலக் குடுத்தா, பத்து நாள்ல அந்த நேரத்துப் பால் குறைஞ்சுடும். குடுக்கற நாள்லயும் எடுக்கறத நிறுத்தக் கூடாது. கலக்கறப்ப டின்னுல போட்ட அளவுதான். கொதிச்ச தண்ணிய அரை மணிக்கு மேல ஆற விடாம, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுல பவுடரப் போடணும், பவுடருக்குள்ளயே கிருமி இருக்கலாம். அப்புறம் குழாய்த் தண்ணியில பாத்திரத்த நிக்க வச்சு ஆத்திக் குடுங்க. 400 கிராம் டின்னுல ஏறக்குறைய 3 லிட்டர்தான் வரும். முழுக்க அதையே குடிக்கற குழந்தைக்கு நாலு நாள். அதனாலதான் பல வீட்டுல கரண்டியக் குறைச்சுத் தண்ணியா கலக்கறாங்க, எடை ஏறாததுக்கு அது ஒரு பெரிய காரணம்.

---

செவிலி_திருமங்கலம்

ஒண்ணு விட்டுப் போச்சு. வேலைக்குப் போன முதல் வாரம் மார்பு கல்லு மாதிரி கட்டிக்கும். அப்ப அமுக்கிப் பிசையாதீங்க, உள்ள வீக்கம் கூடும். வீடு வந்த உடனே கட்டின பக்கத்துல முதல்ல குடுத்துட்டு, துணியில சுத்தின ஐஸ் ஒத்தடம் 10 நிமிஷம். அதுக்காகவே உங்கம்மாகிட்ட சொல்லி வைங்க, 5 மணிக்கு மேல பாப்பாவுக்கு வயிறு நிறையக் குடுக்க வேண்டாம், ரொம்ப அழுதா 20 மில்லி போதும். ஒரு பக்கம் சிவந்து, குளிரும் காய்ச்சலுமா வந்து 24 மணி நேரத்துல குறையலைன்னா டாக்டர்கிட்ட போகணும். ஆன்டிபயாடிக் குடுத்தாலும் அதே பக்கத்துல பால் குடுக்கலாம்.

கட்டினதுக்கு மல்லிகைப்பூ வச்சுக் கட்டுனு யாராவது சொல்வாங்க, நம்ம ஊர்ல சொல்லாம இருக்க மாட்டாங்க. அது வெறும் நம்பிக்கை இல்ல, பூவ மார்புல வச்சுக் கட்டினா பால் சுரக்கற ஹார்மோன் குறையறதா 1988-லயே ஆய்வு வந்திருக்கு. பால நிறுத்தறவங்களுக்கான வைத்தியம் அது. உங்க மனைவிக்கு வேண்டாம்.

எடுத்து வச்ச பால் ரெண்டு நாள்ல சோப்பு வாடை அடிச்சா, கெட்டதுன்னு கொட்டிடாதீங்க. பால்ல இருக்கற நொதி கொழுப்பப் பிரிக்கறதால வர்ற வாடை அது. புளிச்ச வாடைன்னா மட்டும் கொட்டுங்க.