ஒரே செய்முறையில் வார்த்த ஹைட்ரோஜெல் ஒருமுறை தெளிவாகவும் மறுமுறை வெண்மையாகவும் வருவது ஏன்?

கேள்வி
வணக்கம். ஆய்வுக்காக என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு ஹைட்ரோஜெல் (நீரை உள்ளே தேக்கிக்கொள்ளும் சங்கிலி மூலக்கூறுகளின் வலை) தயாரிக்கிறேன். பிப்ரவரியில் வார்த்தவை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. அதே எடைகளில் மோனோமரும் (சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு) குறுக்கிணைப்பானும் (சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது), அதே அளவு அம்மோனியம் பெர்சல்பேட்டும் (வினையின் தொடக்கி) டெமெட்டும் (வினையை விரைவாக்குவது) சேர்த்து மே மாதத்தில் வார்த்தவையோ சுண்ணாம்புப் பால் போல வெளுத்துவிட்டன. 20 பாகை செல்சியஸ் நீரில் இரண்டு நாள் ஊறிய பிறகும் வெண்மை போகவில்லை. ஆனால் 40 பாகை நீரில் இட்டதும் இவை சில நிமிடங்களில் சுருங்குகின்றன. தெளிவான ஜெல்லுக்கு மணிக்கணக்கில் ஆனது. குறுக்கிணைப்பானைக் குறைத்துப் பார்க்கலாமா?

பதில்
இப்போதைக்கு அதில் கைவைக்க வேண்டாம். மோனோமர்கள் இணைந்து உருவாகும் இந்தப் பலபடி (பாலிமர்) ஏறத்தாழ 32 பாகைக்கு மேல் நீரில் கரையாது. ஜெல்லாக உறையும்போதே கலவை அந்த வரம்பைத் தாண்டினால், வளரும் சங்கிலிகள் திரண்டு, அந்தத் திரட்சி குறுக்கிணைப்புகளால் நிலைத்துவிடுகிறது. பின்னர் குளிர்வித்தாலும் அது கலையாது. போதாக்குறைக்கு வினையே வெப்பத்தை உமிழ்வது. ஒரு துண்டை அறுத்து, விளிம்பையும் நடுவையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அன்றைய அறை வெப்பநிலையையும் எழுதுங்கள்.

கேட்டவர்
குளிர்சாதனம் பழுதாகியிருந்தது, அறை 34 பாகை. அறுத்துப் பார்த்தேன்: ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வரை மங்கலாக ஒளி புகுகிறது, நடுப்பகுதி சுண்ணக்கட்டி போல இருக்கிறது.

மற்றொரு பதில்
அப்படியானால் காரணம் வெப்பந்தான். கலவையை முதலில் பனிநீரில் குளிர்வித்து, நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றி, அன்றே கரைத்த பெர்சல்பேட்டைச் சேர்த்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய ஏடாக வார்த்துக் குளிரிலேயே உறைய விடுங்கள். குப்பியில் வார்த்தால் நடுப்பகுதியின் வெப்பம் வெளியேற வழியில்லை. உறையத் தாமதமாகிறதே என்று தொடக்கியைக் கூட்டாதீர்கள். நானும் ஒருமுறை அவசரப்பட்டு அதைச் செய்து, கலவை சூடேறி ஒரு தொகுதியை வீணாக்கினேன். உறைபெட்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். பனிப் படிகங்கள் துளைகளை உண்டாக்கி முற்றிலும் வேறொரு ஜெல்லைத் தரும்.

வெண்மையானவற்றை எறிந்துவிடாதீர்கள். உள்ளே இணைந்த துளைகள் இருப்பதால்தான் நீர் விரைந்து வெளியேறுகிறது. தெளிவான ஜெல்லிலோ மேற்பரப்பு முதலில் சுருங்கித் தோல் போல மூடி, உள்ளிருக்கும் நீரைத் தடுக்கிறது. இப்படி விரைவாகச் சுருங்க வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று 32 பாகைக்கு மேல் வார்ப்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும்: சுருங்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், இரண்டையும் ஒரே தடிமனில் வெட்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

கேட்டவர்
ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், பனிநீரில் வைத்து வார்த்தேன், தெளிவாகவே வந்தது. மே மாத ஜெல்லிலிருந்தும் அதே தடிமனில் ஏடுகள் வெட்டி நீரில் ஊற வைத்திருக்கிறேன்.