ஜெபிக்க உட்கார்ந்தாலே படபடப்பு கூடுகிறது, என்ன செய்வது?

கடுகுவிதை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராத்திரி படுக்கும் முன் அரை மணி நேரம் ஜெபிக்கிற பழக்கம் உண்டு. கொஞ்ச நாளாக வேலை, பிள்ளைகள், உடம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. எழும்பும்போது தொடங்கினதைவிட மோசம். பிலிப்பியர் 4:6ஐ எடுத்தால் "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்ற வார்த்தை ஆறுதலுக்குப் பதில் குற்ற உணர்வைத்தான் தருகிறது. மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், அது நம் விசுவாசத்துக்கு ஒத்துவருமா? "விசுவாசம் குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், ப்ளீஸ்.

பத்துநரம்பு:
முதலில் விரல் மரத்துப்போவது. பதற்றத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். அப்போது உடம்பிலிருந்து கரியமில வாயு தேவைக்கு அதிகமாக வெளியேறிவிடும். விரல் நுனி, உதடு மதமதப்பு, தலை கிறுகிறுப்பு எல்லாம் பெரும்பாலும் அதனால்தான். "நன்றாக இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு வாய் நிறைய இழுத்தால் இது இன்னும் கூடும். இழுப்பதில் அல்ல, விடுவதில்தான் விஷயம்.

நாற்காலியில் பாதம் தரையில் பட உட்காருங்கள். தோளைத் தளர்த்தி ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக, 4 எண்ணும் நேரம், சாதாரண அளவுக்கு இழுங்கள். கை வைத்த வயிறு மெல்ல எழும்ப வேண்டும், தோள் எழும்பக் கூடாது. பிறகு 6 எண்ணும் நேரம் விடுங்கள். ஒரு சுற்றுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் போதும். மூச்சை வெளியே விடும்போது பத்தாம் மண்டை நரம்பான வேகஸ் வழியாக இதயத் துடிப்பு மெதுவாகிறது, அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறார்கள். 6 கஷ்டமாக இருந்தால் 3-க்கு இழுத்து 4-க்கு விடுங்கள். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், பேனிக் (திடீர்ப் பீதி) வருகிறவர்களுக்கு அதுவே திணறலாகத் தோன்றும்.

விசுவாசத்துக்கு ஒத்துவருமா என்றால், இதில் மனதை வெறுமையாக்குவதோ வேறு எதையும் அழைப்பதோ இல்லை. எண்களுக்குப் பதில் சங்கீதம் 23:1ஐ வையுங்கள். இழுக்கும்போது மனதுக்குள் "கர்த்தர்". விடும்போது மெல்லிய குரலில் "என் மேய்ப்பராயிருக்கிறார்". நீளமான பாதி வெளிமூச்சில் வருவதால் அது தானாக நீளும். இதைப் படபடப்பு வந்த பிறகு முதன்முறையாக முயன்றால் பலிக்காது. வெள்ளம் வருமுன் போட வேண்டிய அணை இது: சும்மா இருக்கிற நேரத்தில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, இரண்டு வாரமாவது.

மெல்லிய சத்தம்:
மூச்சைப் பற்றி மேலே உள்ளதே போதும். எனக்கு இடிக்கிறது அந்த அரை மணி நேரம். அதில் நடப்பது பாதி ஜெபம், பாதி கவலையை ஒத்திகை பார்ப்பது. "வேலை போய்விட்டால், அப்புறம் கடன், அப்புறம்..." என்று கதை ஓடும், கடைசியில் ஒரு ஆமென். மூளைக்கு அது கவலையின் இன்னொரு சுற்றுதான்.

நீங்கள் சொன்ன பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களைத் தேவனுக்கு என்ன செய்யச் சொல்கிறது, அந்த வினைச்சொல்லைப் பாருங்கள்: "தெரியப்படுத்துங்கள்". ஒரு முறை தெரியப்படுத்தினால் தெரியப்படுத்தியதுதான். ஒரு நோட்டை எடுத்து, ஒரு கவலைக்கு மூன்றே வரி எழுதுங்கள். என்ன பயம் ("மேலாளர் கூப்பிட்டிருக்கிறார், திட்டுவாரோ"), கர்த்தரிடம் கேட்பது என்ன ("பதில் சொல்லும்போது நிதானம் தாரும்"), இன்று நடந்த ஒன்றுக்கு ஸ்தோத்திரம். மூன்றாவது வரி பொதுவாக இருக்கக் கூடாது. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதினால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் கையில் இருக்கிற வேலை ஏதாவது இருந்தால் பக்கத்திலேயே தேதியும் நேரமும் குறியுங்கள். இல்லையென்றால் 1 பேதுரு 5:7 (கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்ற வசனம்) என்று எழுதி மூடிவிடுங்கள்.

இதைப் படுக்கைக்கு முன் செய்யாதீர்கள். மாலையில் 15 நிமிடம், தூங்குவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே. ராத்திரி அதே கவலை தட்டினால் "நோட்டில் இருக்கிறது, நாளை 6 மணிக்கு" என்று சொல்லி அனுப்புங்கள். முதல் வாரம் கேட்காது, திரும்பத் திரும்ப வரும். படுக்கையில் விண்ணப்பமே வேண்டாம், சமாதானத்தோடே படுத்து நித்திரைசெய்வேன் என்கிற சங்கீதம் 4:8 ஒன்று போதும்.

குற்ற உணர்வுக்கு: பிலிப்பியர் 4:6 எழுதிய பவுலே 2 கொரிந்தியர் 11:28இல் எல்லாச் சபைகளைக் குறித்தும் உண்டான கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். பிலிப்பியர் 2:20இல் தீமோத்தேயு பிலிப்பி சபையாரை "உண்மையாய் விசாரிக்கிற"வன் என்று பாராட்டும் இடத்திலும் கிரேக்கத்தில் 4:6இன் "கவலைப்படு" என்ற அதே வினைச்சொல்தான். அக்கறையும் கவலையும் ஒரே வேரில் முளைப்பவை. 4:6ஐக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள், காவலில் இருக்கிறவர் எழுதின கடிதம் அது.

கடுகுவிதை:
நன்றி. நோட்டு இன்றைக்கே. ஒன்று விட்டுப்போனது: நடுவில் கவனம் சிதறினாலோ ஒரு பெயர் விட்டுப்போனாலோ ஜெபத்தை முதலிலிருந்து தொடங்கத் தோன்றுகிறது. தொடங்காவிட்டால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

சூரைச்செடி:
இதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண கவலையிலிருந்து இது வேறு. திரும்பச் சொல்வது தப்பில்லை, கெத்செமனேயில் இயேசு மூன்று தரம் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். ஆனால் "பிழையில்லாமல் சொன்னால்தான் பாதுகாப்பு" என்பது ஓசிடி (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநோய்) எடுக்கிற ஒரு வடிவமாக இருக்கலாம். திரும்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பயம் நிஜம் என்று மூளை பதித்துக்கொள்ளும். விட்டுப்போனதை விட்டபடியே ஆமென் சொல்லி எழும்புங்கள். படபடப்பு கூடும், அதைத் தணிக்க எதுவும் செய்யாமல் வேறு வேலையைப் பாருங்கள், தானாக இறங்கும். விட்டுப்போன வார்த்தைகளுக்கு ரோமர் 8:26 இருக்கிறது: ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். தினமும் இதிலேயே நேரம் போகிறது என்றால் ஓசிடி சிகிச்சை தெரிந்த கவுன்சிலரைப் பாருங்கள். போதகரிடம் "என் ஜெபம் சரியா" என்று தினமும் கேட்டு உறுதி வாங்குவதும் அதே சுற்றின் பகுதிதான், அவரிடமே அதைச் சொல்லி வையுங்கள்.

மற்றது உடம்பு. 1 இராஜாக்கள் 19இல் சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் உபதேசம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும், தூக்கம், மறுபடியும் அதே. கர்த்தர் பேசின அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு அப்புறம்தான். காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சு வலி, மயக்கம் என்றால் பேனிக் என்று நாமே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரி. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் அப்படியே, தனியாக இருக்கக் கூடாது.

மாத்திரையும் விசுவாசக் குறைவு அல்ல, சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியன். பதற்றத்துக்கும் ஓசிடிக்கும் தருகிற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையில் பலன் தெரியப் பல வாரம் ஆகலாம், ஆரம்ப நாட்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யும். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுகமாகிவிட்டேன் என்று சபையில் சாட்சி சொல்லிய உற்சாகத்தில் சட்டென்று நிறுத்துவது இன்னொரு தப்பு, டாக்டர்தான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

பத்துநரம்பு:
சூரைச்செடி சொன்னதோடு ஒன்று. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழும்பி வேறு அறையில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போன் வேண்டாம், அதில் பைபிள் ஆப் இருந்தாலும் வேண்டாம், அச்சுப் புத்தகமே நல்லது. சங்கீதம் 136 இதற்குத் தோதானது: 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". அந்தப் பாதியை மூச்சு விடும்போது சொல்லுங்கள். கண் சொக்கினால் எந்த வசனத்தில் இருந்தாலும் போய்ப் படுத்துவிடுங்கள், 26ஐயும் முடிக்க வேண்டாம்.