ரெட் லேடி பப்பாளிப் பழத்து விதையில் ஆண் மரம் வருமா, வராதா?

எல்லைத்தோட்டம்:
நேற்று ஒருத்தர் யூடியூபில் சொல்கிறார்: "ரெட் லேடி பாக்கெட் விதைக்குக் காசைக் கொட்டாதீர்கள். கடையில் நல்ல பழமாக ஒன்று வாங்கி, அறுத்து, விதையைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஒரு ஆண் மரம்கூட வராது." கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் கேரளா, பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதிப் பக்கம். இந்தப் பேச்சை நம்பித்தான் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு ஏக்கர் போட்டார். ஆறடிக்கு ஆறடி, 1210 குழி. சொட்டுநீர், எரு, களை என்று எல்லாம் பார்த்து, ஐந்தாவது மாதம் பூ விட்டது. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. ஆண், காய்க்காத மரம்! ஒவ்வொரு வரிசையிலும் வெட்டிச் சாய்த்தார். வியாபாரத்துக்குப் பயிர் வைக்கிறவன் பாக்கெட் விதைதான் வாங்க வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

பதியன்:
விவாதத்துக்கு இடமில்லை என்று சொல்லி விவாதத்தை ஆரம்பித்துவைத்த அண்ணனுக்கு நன்றி. ரெட் லேடி இருபால் ரகம், அதாவது ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கிற மரங்கள் உள்ள ரகம். அதன் விதையில் இருபால் மரமும் பெண் மரமும்தான் வரும், தோராயமாக இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆண் வராது. யூடியூப்காரர் சொன்னது சரி.

எல்லைத்தோட்டம்:
வராது என்கிறீர்கள். வந்ததே தம்பி! நீளக் காம்பு, தொங்குகிற கொத்து. என் கண் பொய் சொல்லுமா?

பதியன்:
கண் பொய் சொல்லாது அண்ணா. ஆனால் கடையில் வாங்கிய பழத்துக்குத் தாய் யார் என்றுதான் தெரியும், தகப்பன் யார் என்று தெரியுமா? அந்தப் பழம் காய்த்த தோட்டத்து வேலியோரம் ஒரு நாட்டு ஆண் மரம் நின்றிருந்தால் மகரந்தம் அங்கேயிருந்து வந்திருக்கும். பூவுக்கு உறை கட்டித் தன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டு எடுத்த விதையில் ஒரு ஆண் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லைத்தோட்டம்:
ஆக, ஆண் வந்தது என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

பதியன்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? அது வேலியோரத்து ஆண். ரெட் லேடி ஆண் இல்லை.

எல்லைத்தோட்டம்:
ஆண் ஆண்தானே? வெட்டுக்கூலி கேட்கிற ஆளிடம் "இது வேலியோரத்து ஆண், பாதிக் கூலி வாங்கிக்கொள்" என்று சொல்வீர்களா?

மண்டிக்காரன்:
வேலந்தாவளத்திலிருந்து ஒரு வார்த்தை. உங்கள் ஆண் சண்டையில் பெண்ணை மறந்துவிட்டீர்கள். பெண் மரத்துக் காய் உருண்டை, உள்ளே பொந்து பெரிசு, சதை மெலிசு. இருபால் மரத்துக் காய் நீளம், சதை கெட்டி, பேப்பர் சுற்றி அடுக்கினால் திருச்சூர் வரை நசுங்காமல் போகும். உருண்டையை லாரிக்காரன் தனியாக ஒதுக்கி விலையைக் குறைக்கிறான். ஆகவே மூன்றில் ஒன்று பெண் என்றால் அதுவும் நஷ்டக் கணக்குதான்.

பதியன்:
சரியாகச் சொன்னீர்கள். ஆனால் பாக்கெட் விதையிலும் பெண் வருகிறதே! பெண் மரத்தில் குட்டைக் காய், இருபால் மரத்தில் நீளக் காய் என்று ரெட் லேடி விதை போடுகிற தைவான் கம்பெனியே தன் விளக்கத்தில் போட்டிருக்கிறது. இதை மட்டும் எல்லை அண்ணன் படிக்க மாட்டார்.

எல்லைத்தோட்டம்:
பேச்சை மாற்ற வேண்டாம். ஆண் வருமா, வராதா?

தோட்டக்கலை மாணவி:
அண்ணன்மாரே, "ஆண் மரம்" என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்தால் நல்லது. இருபால் மரம் கடும் வெயிலில் சூலகம் சுருங்கிப்போய் ஆண் பூவாகவே பூக்கும். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி அடிக்கும்போது காய் பிடிக்காமல் வெறுமனே நிற்கும். அது ஆண் மரம் இல்லை, வெயில் தணிந்ததும் காய்க்கும். அதற்குப் பூக்காம்பு குட்டை. உண்மையான ஆணுக்குத்தான் நீளமாகத் தொங்கும். இன்னொன்று, ஆண் வருகிறதா என்பதைவிட, பாக்கெட் விதை கலப்பினம், அடுத்த தலைமுறையில் உயரமும் காய் அளவும் மரத்துக்கு மரம் மாறும் என்பதுதான் பெரிய பிரச்சினை.

பதியன்:
பாருங்கள்! பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெயிலில் தவித்த இருபால் மரத்தை ஆண் என்று வெட்டிவிட்டார். பாவம்.

எல்லைத்தோட்டம்:
நீளக் காம்பு என்று மூன்றாவது முறை சொல்கிறேன். முழ நீளம். அம்மிணி சொன்னதையே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

பதியன்:
முழமா? நாலு விரலா? போட்டோ எங்கே?

எல்லைத்தோட்டம்:
வெட்டின மரத்துக்கு எங்கே போய்ப் போட்டோ எடுப்பது? போன வருசம் சேனைக்கு எரு கணக்குச் சொன்னபோதும் நீங்கள் இதே மாதிரி போட்டோ கேட்டீர்கள். போட்டதும் பதிலே இல்லை. எனக்கு மறக்கவில்லை.

ஆனைமலை பெரியப்பா:
பிள்ளைகளா, ஆண் என்ன பாவம் செய்தது? நாங்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக் கோ 2 ரகம் போட்டோம், ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக வருவது. குழிக்கு நாலு நாற்று, பூ வந்ததும் கலைத்து, 20 பெண்ணுக்கு ஒரு ஆண் நிறுத்தினோம். ஆண் இல்லையென்றால் அதில் காய் ஏது? விடிகாலையில் போய்ப் பிஞ்சில் மேலாகக் கீறிவிட்டால் பால் வடியும். வெயில் ஏறுவதற்குள் வழித்து எடுத்துவிட வேண்டும், நாலு நாள் கழித்து அதே காயில் மறுபடி கீறலாம். பால், அதிலிருந்து பப்பெயின் என்ற நொதி எடுக்கிற கம்பெனிக்கு, கீறின காய் டூட்டி ஃப்ரூட்டிக்கு. இரண்டு வருமானம். இப்போது கோ 8 சிவப்புச் சதையோடு அதே வேலையைச் செய்கிறது. பழத்துக்கு மட்டும் இருபால் வேண்டுமென்றால் 1997-லேயே பல்கலைக்கழகம் கோ 7 கொடுத்தது. தைவானுக்கு ஏன் ஓடுகிறீர்கள்?

எல்லைத்தோட்டம்:
பெரியவர் பால்காரர். நாங்கள் பழக்காரர்கள். ரெண்டும் வேற. கேள்வி ஒன்றே ஒன்று: ரெட் லேடி பழத்து விதையில் ஆண் வருமா, வராதா?

நாற்றுக்கடை:
ரெட் லேடிக்கு வைரஸும் வராது. எங்களிடம் நாற்று தயார். தேவைப்படுவோர் இன்பாக்ஸ் வரவும்.

தோட்டக்கலை மாணவி:
பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் அசுவினிப் பூச்சி கடித்துப் பரப்புவது, விதை வழியாக வராது. எந்த விதையானாலும் பக்கத்தில் நோயுள்ள தோட்டம் இருந்தால் வரும். "வராது" என்று விற்காதீர்கள்.

எல்லைத்தோட்டம்:
இப்படித்தான் ஒரு நர்சரியில் ரெட் லேடி என்று சொல்லி எனக்கு நாட்டு நாற்றைத் தலையில் கட்டினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

நாற்றுக்கடை:
யாரை ஜாடையாகச் சொல்கிறீர்கள்? தண்ணீர் இரண்டு நாள் கட்டி நின்றாலே பப்பாளி வேர் அழுகிவிடும். வடிகால் இல்லாத வயலில் வைத்துவிட்டு நாற்றைக் குறை சொல்லும் ஆட்களை நாங்களும் பார்த்திருக்கிறோம்.

எல்லைத்தோட்டம்:
தண்ணீர் கட்டி நிற்கிறதா! எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தண்ணீர் இருந்தால்தானே கட்டி நிற்கும்? 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து மணக்கடவில் எங்களுக்கு வர வேண்டியது 7.25 டிஎம்சி. அதை ஒழுங்காகத் திறந்துவிடச் சொல்லுங்கள், அப்புறம் வடிகால் பற்றிப் பேசலாம்.

பதியன்:
ஆரம்பித்துவிட்டார். ஆழியாறு ஆயக்கட்டில் கடைமடைக்கே தண்ணீர் எட்டவில்லை. நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

எல்லைத்தோட்டம்:
நீங்கள் அணை வைத்திருக்கும் பரம்பிக்குளம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று மேப்பில் பாருங்கள் தம்பி.

ஆனைமலை பெரியப்பா:
தண்ணீர்ச் சண்டை வேண்டாம் கண்ணு. 2008-ல் மாவுப்பூச்சி வந்தபோது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பார்த்ததா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்தது. நான் வேப்பெண்ணெய் அடித்துத்தான் காப்பாற்றினேன்.

தோட்டக்கலை மாணவி:
ஐயா, அதைக் கட்டுப்படுத்தியது 2010-ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட ஒட்டுண்ணிக் குளவி.

ஆனைமலை பெரியப்பா:
குளவி வந்தது 2010. என் மரம் பிழைத்தது 2009. கணக்குப் போட்டுப் பாரம்மா.

மண்டிக்காரன்:
என் மச்சான் கனடாவில் இருக்கிறான். அங்கே 2018-லிருந்து கஞ்சா சட்டப்படியே பயிர். ஆண் செடி ஒன்று தப்பி நின்றால் போதும், பெண் பூவில் விதை பிடித்து விலை போய்விடுமாம். அதனால் "பெண் விதை" என்றே தனியாக விற்கிறார்கள். பெண் செடியில் வெள்ளி கலந்த மருந்தடித்து ஆண் பூ பூக்கவைத்து, அந்த மகரந்தத்தை இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்து எடுக்கிறார்களாம். கஞ்சாவுக்கே முடியும்போது பப்பாளிக்கு முடியாதா?

நாற்றுக்கடை:
ஐயா சாமி, நம்ம ஊரில் 1985 போதைப்பொருள் சட்டம் அப்படியே இருக்கிறது. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் என் நாற்று வண்டியை நிறுத்திக் கிளற வைத்துவிடாதீர்கள்.

எல்லைத்தோட்டம்:
கவனித்தீர்களா? கனடாக்காரனே விதையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறான். கடையில் வாங்கிப் பிதுக்கி எடுக்கவில்லை. என் கட்சிதான் ஜெயித்தது.

பதியன்:
நேர்மாறு. தகப்பன் யார் என்று தெரிந்தால் ஆண் வராது என்பதற்கு அவனே சாட்சி. நான் சொன்னதும் அதேதான்.

எல்லைத்தோட்டம்:
நான் சொன்னது: வந்தது. நீளக் காம்பு.

பதியன்:
போட்டோ?

புதிய உறுப்பினர்:
வணக்கம். வடகரப்பதியில் அரை ஏக்கர் பப்பாளி வைக்கலாம் என்றிருக்கிறேன். கோ 8 விதை எங்கே வாங்குவது? ஆடிக் காற்றுக்குத் தடுப்பாக ஓரத்தில் என்ன நடலாம்?

எல்லைத்தோட்டம்:
தம்பி, முதலில் மேலே உள்ளதையெல்லாம் படியுங்கள். பழத்து விதை மட்டும் போடாதீர்கள். ஆண் வரும்.

பதியன்:
வராது தம்பி.