பொருள்: ஃபிரேம் ஜெனரேஷன் – 'செருகுபடம்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஃபிரேம் ஜெனரேஷனுக்குச் 'சட்டக உருவாக்கம்' என்று போன மடலில் ஒரு பரிந்துரை வந்திருந்தது. எனக்கு உடன்பாடில்லை. கணினி விளையாட்டின் காட்சிகளை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு எல்லா ஃபிரேமையும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு படத்தையும்தான் உருவாக்குகிறது, அதன் வேலையே அதுதானே! ஆங்கிலப் பெயரே விற்கிறவர்கள் வைத்தது. அதன் மழுப்பலைத் தமிழிலும் ஏன் சுமக்க வேண்டும்?

நடப்பது இதுதான். கார்டு விளையாட்டின் கணக்குப்படி இரண்டு படங்களை வரைகிறது. இரண்டாவதை உடனே திரைக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவே காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு படத்தைச் செருகுகிறது. 2022-இல் கார்டு நிறுவனமான என்விடியா இதை டிஎல்எஸ்எஸ் 3 என்ற தன் மென்பொருள் நுட்பத்துடன் கொண்டுவந்தபோது நடுவில் ஒன்று. 2025-இல் டிஎல்எஸ்எஸ் 4 வந்ததும் மூன்று வரை. திரையில் நொடிக்கு 120 படம் ஓடும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததைக் கணக்கில் எடுத்து வரைந்தவை அதில் 30தான். கண்ணுக்கு வழவழப்பு, கைக்கு மந்தம்.

சொல்லில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில் என்விடியாவின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-இன் திறனைத் தரும் என்றார். 4090 வெளியானபோது விலை 1,599 டாலர். மார்ச்சில் விமர்சகர்கள் செருகலை அணைத்துவிட்டு அளந்தார்கள். 5070 போய் நின்ற இடம் பழைய 4070 சூப்பரின் பக்கம். மே மாதம் 5060 வந்தபோது பெரும்பாலான விமர்சகர்களுக்கு முன்கூட்டியே டிரைவரே, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளே, கிடைக்கவில்லை. எந்த விளையாட்டு, என்ன அமைப்பு என்று நிறுவனம் சொன்னபடி சோதிக்க ஒப்புக்கொண்ட சிலர் மட்டும் முன்னோட்டம் போட்டார்கள். இதையெல்லாம் தமிழில் எழுதும்போது இரண்டு வகைப் படத்துக்கும் ஒரே சொல் என்றால் கட்டுரையே விளம்பரமாகிவிடும்.

'போலிச் சட்டகம்' என்ற யோசனையும் வேண்டாம். அது 'ஃபேக் ஃபிரேம்ஸ்' என்ற வசையின் நேர் மொழிபெயர்ப்பு. கலைச்சொல் தீர்ப்பு எழுதக்கூடாது. தவிர, செருகாமலே நொடிக்கு 60 படத்துக்கு மேல் ஓடுகிற விளையாட்டில் செருகல் நன்றாகவே இருக்கிறது.

இடைச்செருகல் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கணிதப் பாடநூலில் தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே கணிப்பது இடைச்செருகல். சுவடிப் பதிப்பில் புலவர் எழுதாத பாட்டு உள்ளே புகுந்தால் அதுவும் இடைச்செருகல். கார்டு செய்வது இரண்டும்தான்!

'சட்டகம்' இங்கே வேண்டாம். நிரலாளர்கள் ஃபிரேம்வொர்க்குக்கு அதைப் பிடித்துவிட்டார்கள். வெறும் 'படம்' போதும். வரைந்ததை 'வரைபடம்' என்றால் மேப் ஆகிவிடும் என்பதால் 'வரைந்த படம்' என்றே வைக்கலாம். செருகியது 'செருகுபடம்', அந்தச் செயல் 'படச்செருகல்'.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "நொடிக்கு 120 படம், இதில் 90 செருகுபடம்." "படச்செருகலை அணைத்து அளந்தோம்." இடறவில்லை.

ஒரே உறுத்தல்: அச்சுக்காரர்கள் யாராவது 'செருகுபடம்' என்று பக்கத்தின் மூலையில் வைக்கும் சின்னப் படத்தைச் சொல்கிறார்களா? நான் கேட்டவரை அது 'உள்படம்'தான். அச்சகப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.